சம்பந்தி வீடு மட்டும்

அத்தியாயம் 11

போன வாரம் நம் அகராதியைச் சமையலறையில் மடிக்கணினியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அங்கேயேதான் இருக்கிறாள். பாவம், வேறு எங்கே போவாள்? பேருந்து ஓட்டுநரான அவள் கணவனுக்குத் தொற்று உறுதியாகி, அவன் படுக்கையறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். வீட்டு வாசலில் சுகாதார அலுவலகத்தின் மஞ்சள் காகிதம். உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. அரசாங்க உதவிப் பெட்டி மட்டும் வாசல்வரை வந்து, மணியை அடித்துவிட்டு நிற்கும். அதில் பருப்பு இருக்கும், எண்ணெய் இருக்கும், சோப்பு இருக்கும். சோப்பு நிறையவே இருக்கும்.

அகராதி என்பது அவள் பெயரல்ல, பட்டம். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்டதால், 'அகராதி பிடிச்சவ' என்று வீட்டில் வைத்தது. வளர்ந்து சுகாதார அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனதும் பட்டமே உத்தியோகமாகிவிட்டது. நோய்க்கால விதிகளை எல்லாம் தமிழில் ஆக்குவது அவள்தான். தமிழில் சந்தேகம் கேட்பவர்களுக்கான உதவி எண்ணும் அவள் செல்போனுக்கே திருப்பி விடப்பட்டிருந்தது.

காலையில் முதல் ஆளாக ஒரு பிரம்மச்சாரி கூப்பிட்டார். தான் யார் வீட்டுக்குப் போய்வரலாம் என்று கேட்டார். புது விதிப்படி ஒரு வீட்டார் வேறு ஒரே ஒரு வீட்டாரோடு இணைந்துகொள்ளலாம், அது எந்த வீடு என்பது உங்கள் இஷ்டம் என்று அகராதி மனப்பாடமாகச் சொன்னாள்.

"இல்லையே மேடம். சம்பந்தி வீடு மட்டும்னு போட்டிருக்கே. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அதுக்கும் கல்யாணமாகணும். அதுவரைக்கும் ஊரடங்கு இருக்குமா?"

அகராதி சிரித்தாள். வேலையில்லாத யாரோ வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தாள். இரண்டாவதாகக் கூப்பிட்டவருக்கு மூன்று பெண்கள், ஆகவே மூன்று சம்பந்திகள். ஒருவர் வீட்டோடு இணைந்தால் மற்ற இரண்டு பெண்களும் தன்னை உயிரோடு விடமாட்டார்கள் என்று புலம்பினார். மூன்றாவது அழைப்பு ஒரு மூன்றாம் மாடி அம்மாவுடையது. எதிர் வீட்டுக்காரி இவருக்கு உயிர்த்தோழி. விதியைப் படித்ததும் இருவரும் கூடிப் பேசி, இவர் பையனுக்கும் அவர் பெண்ணுக்கும் நேற்றே போனில் நிச்சயம் செய்துவிட்டார்களாம். நிச்சயம் மட்டும் ஆனால் சம்பந்தி கணக்கில் வருமா, தாலி கட்டினால்தான் வருமா என்று கேட்டார்.

அகராதிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று தான் அனுப்பிய அறிவிப்பைத் திறந்து பார்த்தாள்.

'ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சம்பந்தி வீட்டோடு மட்டும் இணைந்துகொள்ளலாம்.'

'தாங்கள் சம்பந்தப்பட விரும்பும் ஒரு வீட்டோடு' என்றுதான் அவள் எழுத நினைத்தாள். அவசரத்தில் செல்போனிலேயே தட்டினாள். 'சம்பந்' என்று ஆரம்பித்ததுமே செல்போன் முந்திக்கொண்டு 'தங்கள் சம்பந்தி வீட்டோடு' என்று வரியையே மாற்றி நீட்டியது. இவள் பார்க்காமல் ஒத்துக்கொண்டாள். அதைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் செல்போனில் அதிகம் தட்டப்பட்ட சொல் சம்பந்திதான். 'உன் மாமனாரிடம், அதான் என் சம்பந்தியிடம், இதைச் சொல்' என்று அப்பா அனுப்புவார். 'உன் அப்பாவிடம், அதான் என் சம்பந்தியிடம், அதைச் சொல்' என்று மாமனார் அனுப்புவார். நடுவில் இவள் தபால்காரி.

அந்தப் பகையைப் புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாமனார் வீட்டு முன்னறையிலேயே போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். தன் பிள்ளையின் கல்யாணத்துக்கு அவரேதான் படம் எடுத்தார். குடும்பப் படத்தில் எல்லாரும் லட்சணமாக இருக்கிறார்கள். பெண்ணின் அப்பா மட்டும் ஓரத்தில் பாதி முகம், ஒரு தோள், ஒரு கை. வேண்டுமென்றே வெட்டிவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. பெண்ணைப் பெற்றவர் மண்டபத்தில் எங்கேயோ சுற்றிவிட்டுச் சாவகாசமாக வந்தால் பாதிதான் விழும் என்பது மாமனாரின் கட்சி. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு, நாலாவது மாடியில் தனிக்கட்டை. விதி என்று ஒன்று எழுதி ஒட்டியிருந்தால் அதை மீறமாட்டார். ஊரடங்கு வந்ததிலிருந்து மனிதவாடையே இல்லை. காலையும் மாலையும் லிஃப்டில் தனியாக ஏறி இறங்குகிறார் என்றும், 'கதவுகள் மூடுகின்றன' என்று அதில் ஒலிக்கும் பெண்குரலுக்கு 'சரிம்மா' என்று பதில் சொல்கிறார் என்றும் கேள்விப்பட்டு, அகராதி வெங்காயம் நறுக்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். தன் வீட்டோடு அவரை இணைத்துக்கொள்ளலாம் என்றால், நோயாளி இருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

படுக்கையறைக் கதவருகே போய் அவள் விஷயத்தைச் சொன்னாள். உள்ளே டிரைவர் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று.

"ஊர் பூரா சம்பந்திங்க சேர்ந்துட்டாங்கன்னு சொல்லு. நம்ம ஊட்டு சம்பந்திங்க மட்டும்தான் பாக்கி."

உனக்கு ரொட்டி கிடையாது என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அப்போது நாலாவது அழைப்பு வந்தது. குரல் தயங்கித் தயங்கிப் பேசியது.

"எம் பொண்ணு அடுத்த தெருவுலதான் இருக்கா, நிறைமாசம். அவ வீட்டுக்காரர் வெளியூர்ல மாட்டிக்கிட்டார். நான் சம்பந்தி இல்லையே, பெத்தவதானே. போகக் கூடாதாம்மா?"

 இப்போதே கிளம்புங்கள், யாராவது மறித்தால் இந்த எண்ணைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே அகராதி மேலதிகாரியைக் கூப்பிட்டாள். மேலதிகாரி தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. பிழை என்னவென்று அகராதி விளக்கினாள். மேலதிகாரி, காலையிலிருந்து தன் மாமியார் ஏன் தன் அம்மாவுக்கு ஓயாமல் போன் செய்கிறார் என்பது இப்போது புரிகிறது என்றார். திருத்தம் செல்போன்களுக்கு உடனே போகட்டும். சாயங்காலம் ஒலிபெருக்கி வண்டியும் தெருத்தெருவாகச் சொல்லட்டும். குரல் நீயே பதிவு செய்து அனுப்பு என்று உத்தரவிட்டார்.

இவள் சரி என்று வைத்த மறுவிநாடி மாமியாரின் அழைப்பு வந்தது. மாமியார் தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வந்ததை வந்தபடி சேர்ப்பார், தன் கையால் ஒரு எழுத்துக் கூட்டமாட்டார்.

"ஒங்கப்பா வந்திருக்கார்," என்றார் கிசுகிசுப்பாக. "டூல்ஸ் பெட்டியோட. வாசல்ல நின்னு, 'ரூல்ல போட்டிருக்கு, அதனால வந்திருக்கேன்'னார்."

அகராதி பக்கத்தில் இருந்த சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இதுதான் அவள் சங்கடம். ஊருக்குத் திருத்தம் போயே ஆக வேண்டும். நிறைமாதப் பெண்ணின் அம்மாவைப் போல எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. ஆனால் விதிதான் தன்னை இங்கே தள்ளியது என்ற சாக்கில்தான் அப்பா அந்த வாசலை மிதித்திருக்கிறார். அந்தச் சாக்கு பறிபோன மறுகணம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுபடி நாலாவது மாடி, மறுபடி 'சரிம்மா'.

இருவருடைய செல்போனிலும் அறிவிப்பு வந்து விழப்போகிறதே என்று அவள் பதறினாள். மாமியார் தைரியம் சொன்னார். ஒங்கப்பா மரியாதைக்காகப் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். உங்க மாமா போனை எங்கே வைத்தோம் என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். அது என்னிடம் இருக்கிறது என்றார். சாயங்கால வண்டிதான் மிச்சம்.

அகராதி குரல் பதிவுக்கு உட்கார்ந்தாள். பிழையை மட்டும் இரண்டு வரியில் சொன்னால் போதும் என்றுதான் உத்தரவு. அவள் பிழையைச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். அதோடு நிறுத்தாமல் விதி முழுவதையும் முதலிலிருந்து படித்தாள். கடைசி வரியை மட்டும் நிறுத்தி, நிதானமாக, இரண்டுமுறை படித்தாள். இதற்கெல்லாம்தான் அவளுக்கு அந்தப் பட்டம்.

பிறகு மாமியாரிடம் கெஞ்சி வீடியோவைப் போடச் சொன்னாள். மாமியார் செல்போனை அலமாரிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். ஸ்டுடியோவின் மின்விசிறி தெரிந்தது, மாமனாரின் காது தெரிந்தது. ஓரத்தில் அப்பா, இங்கேயும் பாதிதான் தெரிந்தார்.

ஒரே அறையில் மூன்று பேர். ஆனால் பேச்சு எல்லாம் மாமியார் வழியாகவே போய்வந்தது. உட்காரச் சொல் என்று மாமனார் மனைவியிடம் சொன்னார். பரவாயில்லை, நிற்கிறேன் என்று சொல்லுங்கள் என்று அப்பா அவரிடமே சொன்னார். டீ வேண்டுமா என்று கேள் என்றார் இவர். கொடுத்தால் குடிப்பேன் என்று சொல்லுங்கள் என்றார் அவர். மாமியார் ஒவ்வொன்றையும் முகம் மாறாமல் சேர்ப்பித்துவிட்டு, கடைசியில், கவுன்ட்டர் மூடியாச்சு என்று டீ போடப் போய்விட்டார்.

இருவரும் தனியாக நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மாமனார், படம் எடுக்க வருபவர்கள் உட்காரும் சுழல் முக்காலியில் உட்கார்ந்தார். அது கிரீச்சென்றது. அவர் திரும்பினார், மறுபடி கிரீச்சென்றது. அப்பாவுக்கு எந்த அவமானத்தையும் பொறுத்துக்கொள்ள முடியும். எண்ணெய் இல்லாமல் கத்தும் இரும்பை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியாது. அவர் பெட்டியைத் திறந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். மாமனார் எழுந்து இடம் விட்டார். அப்பா முக்காலியைக் கவிழ்த்து, திருகைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டார். அதைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே, முக்காலியிடம் பேசுகிறவரைப் போலச் சொன்னார்:

"அன்னைக்கு ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

மாமனாரும் முக்காலியைப் பார்த்தே பதில் சொன்னார். "எல்லாரும் லிஃப்ட்ல வந்தாச்சு. ஒரு ஆள் மட்டும் வரல."

"ஆறு பேர்னு போட்டிருந்தது. நான் ஏழாவது."

"பொண்ணோட அப்பாவை யாராவது எண்ணுவாங்களா?"

"லிஃப்ட் எண்ணும்," என்றார் அப்பா.

மாமனாரின் காது அப்பா பக்கம் திரும்பியது. பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"அப்ப, படியேறியா வந்தீங்க?"

"ஓடி வந்தேன். வந்து நிக்கறதுக்குள்ள எடுத்துட்டீங்க."

அகராதி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை காலமும் தபால்காரியாக இருந்தவளுக்கே இது தெரியாது. அப்பா தன்னை வெட்டிவிட்டதாகச் சொன்னாரே தவிர, படியேறி ஓடிவந்ததைச் சொல்லவே இல்லை. சொன்னால் அது கெஞ்சுவதாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். மாமனாரும் எங்கே போயிருந்தீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவந்ததாகிவிடும். ஆண்களின் கௌரவத்துக்கு எண்ணெய் விட ஒரு குப்பி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டீ வந்தது. மூவரும் குடித்தார்கள். மாமனார் தன் கேமரா ஸ்டாண்டின் கால் ஒன்று ஆடுவதாகச் சொன்னார். அப்பா பார்க்கிறேன் என்றார். ஸ்டாண்டுக்குப் பிறகு விளக்கு, விளக்குக்குப் பிறகு பின்னால் தொங்கும் திரையின் உருளை என்று வேலை நீண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அகராதி கதவருகே தட்டை வைத்தபோது, உங்கப்பாவும் எங்கப்பாவும் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். எனக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதா, உனக்கு ஏறிவிட்டதா என்று டிரைவர் உள்ளிருந்து கேட்டான்.

சாயங்காலம் வண்டி வந்தது. முதலில் தூரத்தில் ஒரு கொரகொரப்பு. பிறகு அகராதியின் குரலே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது. 'முந்தைய அறிவிப்பில் சம்பந்தி வீடு என்று வந்தது பிழை. நீங்கள் விரும்பும் எந்த ஒரு வீட்டோடும் இணைந்துகொள்ளலாம்.'

"என் பொண்ணு குரல்," என்றார் அப்பா முதலில் பெருமையாக. அப்புறம்தான் அர்த்தம் புரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகப் பெட்டியில் வைத்தார்.

மாமனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகிறவரை யாரும் பிடித்து வைக்கவில்லை என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். காலையில் இருந்த விறைப்பு அதில் இல்லை. ரொம்பவும் சின்னக் குரலில் சொன்னார். அகராதி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே அவளுடைய குரல் விதியைப் படித்துக்கொண்டே போனது. 'ஒருமுறை இணைந்த வீட்டை மாற்றிக்கொள்ள முடியாது.' வண்டி தெருமுனையில் திரும்பும்போது மறுபடியும், 'ஒருமுறை இணைந்த வீட்டை மாற்றிக்கொள்ள முடியாது.'

அப்பா பெட்டியை மூடவில்லை.

"கேட்டீங்களா சம்பந்தி," என்றார். நடுவில் யாரும் இல்லாமல், நேராக அவரையே பார்த்துச் சொன்னார். "மாத்த முடியாதாம். நான் இன்னைக்கு இங்க வந்து டீ குடிச்சாச்சு, சாப்பிட்டாச்சு. இனிமே எங்க போறது? ரூல் ரூல்தான்."

மாமனார் முக்காலியை அவர் பக்கம் தள்ளினார். அது சத்தமே போடவில்லை.

அப்போது மாமியாருக்கு வாய் நமநமத்தது. போன வாரமே சுகாதார அலுவலகத்திலிருந்து யாரோ கூப்பிட்டு, எந்த வீட்டோடு இணையப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். அப்போது பிழையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. மாமனார் யோசிக்காமல் சம்பந்தி வீடு என்றாராம். சொல்லிவிட்டு, இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே, வந்துவிடுவார் என்று மனைவியை மிரட்டினாராம்.

"இவளுக்கு வாய் நிக்காது," என்றார் மாமனார், கழுத்துவரை சிவந்துபோய்.

"தாமதமாச்சு, ஆனா சேர்த்துட்டேன்," என்றார் மாமியார்.

அகராதி இந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தாள். கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும், மாமியார் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து அந்த இரண்டு பேரையும் உற்றுப் பார்க்காமல் இருந்திருந்தால். அதற்குள் ஸ்டுடியோ மின்விசிறி கழன்று கிடந்தது. சமையலறைக் குழாயும் அடுத்து இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து, மூன்றாவது டீ எப்போது வரும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

இரண்டு வீடும் இணைந்தால், அவர் இங்கே வருவதுபோல நானும் அங்கே போகலாம் இல்லையா என்று அப்பாவிடம் கேட்டார். விதிப்படி போகலாம் என்றார் அப்பா, சந்தேகமே இல்லாமல். சாவி எங்கே என்றார் மாமியார். அப்பா ஒரு விநாடி தயங்கியதை அகராதி திரையில் கவனித்தாள். ஆனால் விதி விதிதான். சாவி கைமாறியது. மாமியார் மாற்றுப் புடவையும் வாரப் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு, இனி சமையல் உங்கள் பொறுப்பு என்று இருவரையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. வீடு பளிச்சென்று இருக்கிறது, சத்தமே இல்லை, சொர்க்கம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"இங்க ஹால்ல ஒண்ணு மாட்டி வெச்சிருக்கார். நீ பாத்திருக்கியா? இரு, அனுப்பறேன்."

படம் வந்தது. சுவரில் அதே கல்யாணப் படம், பெரிதாக்கிச் சட்டம் போட்டது. அப்பா பாதியாக நிற்கும் ஓரத்தில், படத்தை ஒட்டிச் சுவரிலிருந்து குறுக்கே வெளியே நீட்டியபடி, பழைய லிஃப்ட் கண்ணாடி ஒன்றை அளவாக வெட்டிப் பொருத்தியிருந்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பாதி முகம் கண்ணாடியில் விழுந்து முழு முகமாகிறது. நடுவில் அப்பா, முழுசாக, நிமிர்ந்து நிற்கிறார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு அகராதி, அந்தப் பக்கம் ஒரு அகராதி. சம்பந்திகளும் இரண்டு ஜோடி.

 ஊருக்கெல்லாம் கட்சி கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் தன் மிச்சப் பாதியைத் தானே செய்து வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

"மாமா கிட்ட சொல்லாதீங்க அத்தை," என்றாள் மெதுவாக. "அப்பாவே கூட்டிட்டு வந்து காட்டட்டும்."

சரி என்றார் மாமியார். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. கொஞ்சம் இரு, பக்கத்து வீட்டு பால்கனியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனை வைக்க மறந்துவிட்டார். அகராதியின் காதில் ஒரு பெண்ணின் குரல் தெளிவாக விழுந்தது. அந்தக் குரல் உரிமையோடு கேட்டது.

"என்ன லிஃப்ட் சார், இன்னைக்குப் பேசவே வரல? டீ ஆறிப்போச்சு."

 பிறகு மாமியார் உள்ளே வந்து பால்கனிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கவுன்ட்டர்க் குரலில் அவர் கேட்டார்:

"ஏம்மா அகராதி, ஒங்க ரூல்படி ஒருத்தருக்கு ஒரே ஒரு இணை வீடுதானே?"